வடிவுடையம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை

கேள்வி:

எனக்கு 51 வயது. திருவொற்றியூரில் இருக்கிறோம். எங்கள் தெருப் பெண்களைச் சேர்த்துப் பல வருடங்களாக ஏலச்சீட்டு நடத்துகிறேன். ஏழு வருடத்துக்கு முன்னால், இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, சீட்டு எடுத்த 80,000 ரூபாயை மகள் கல்யாணத்துக்கென்று என்னிடமே கொடுத்து வைத்தார். அப்போது என் மகனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டேன். ஒரு மாதத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அக்கா வந்து கேட்ட அன்று, பீரோவில் வைத்த பணத்தைக் காணோம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒயரிங் வேலை நடந்தது. வேலைக்கு வந்த பையனுக்கு 19 வயது. நான் அவன் பெயரைச் சொல்லவில்லை. "வெளியாள்னு பார்த்தா அந்தப் பையன் மட்டும்தான் வந்தான்" என்றேன். அவ்வளவுதான், தெருவில் அடித்தார்கள். ஸ்டேஷனில் ஒரு ராத்திரி உட்கார வைத்தார்கள். மேஸ்திரி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் அவன் குடும்பமே எர்ணாவூர் பக்கம் வீடு மாறிப் போய்விட்டது.

அக்கா பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் கொடுத்துவிட்டேன். அவரோ, "திருட்டுப் போன காசுக்கு எவ பொறுப்பேத்துப்பா, இவளை மாதிரி உண்டா" என்று ஊரெல்லாம் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் இரண்டு இட்லி சேர்த்து வைக்கிறார். அது தொண்டையில் இறங்குவதில்லை. பையன் பரண் மேல் விட்டுப்போன டெஸ்டர் இன்னும் என் பீரோவில் துணியில் சுற்றிக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறேன். ஆனால் தலையை நிமிர்த்தி அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 27 சுற்று சுற்றுகிறேன், எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ஆடியில் மண்சோறு சாப்பிட்டேன். ஒரு சொற்பொழிவில் "அவள் தாய், எதையும் மன்னிப்பாள்" என்று கேட்டு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. ஜோசியர் ஒருவர் 12,000 ரூபாயில் பரிகாரம் சொல்லியிருக்கிறார். போன மாதம் தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் அந்தப் பையனைப் பார்த்துவிட்டேன். அவனாகவே கிட்டே வந்து, "நல்லா இருக்கீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டேன். மகனுக்குக் கல்யாணம் பேசி முடிக்கிற நேரம் இது. அம்மன் என்னை மன்னிப்பாளா? மன்னித்துவிட்டாள் என்றால் எனக்கு ஏன் நிம்மதி இல்லை? இதை வெளியே சொல்லித்தான் ஆக வேண்டுமா?

— பெயர் வேண்டாம், திருவொற்றியூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி கடிதத்தில் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் கவலை வேண்டாம்.

நான் மனநல ஆலோசகர். சாமியாரோ குருக்களோ இல்லை. ஆனாலும் வண்ணாரப்பேட்டையில் என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்துச் சாமியில்தான் வந்து நிற்பார்கள். "சாமியை விடுங்க, உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று நான் சொல்வதில்லை. உங்கள் கடிதத்திலிருந்து அம்மனை எடுத்துவிட்டுப் பதில் எழுதினால் அது வேறு யாருக்கோ எழுதியதாகத்தான் இருக்கும்.

முதல் கேள்விக்கு நேராகவே வருகிறேன். மன்னிப்பாள். நீங்கள் வளர்ந்த பக்தி மரபு இதில் தயங்கியதே இல்லை. ஆனால் இந்தப் பதிலை நீங்கள் ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். சொற்பொழிவாளர் சொன்னார், நம்பினீர்கள், அழுதிருப்பீர்கள், இரண்டு நாள் தூங்கினீர்கள். மூன்றாம் நாள் ஏன் தூக்கம் போயிற்று என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. நானும் அதையே சொன்னால் இன்னும் இரண்டு நாள் தூங்குவீர்கள். அடுத்த முறை அது ஒரு நாளாகக் குறையும்.

இந்த இடத்தில் உங்கள் ஊர்க் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். திருவொற்றியூர்க்காரரான உங்களுக்குச் சுந்தரர் கதையை நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் நாம் வழக்கமாக அதன் கல்யாணப் பகுதியைக் கொண்டாடிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறோம். உங்களுக்கு வேண்டியது அந்த மிச்சம்தான்.

சுந்தரருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே பரவையார் இருக்கிறார். ஒற்றியூருக்கு வந்த இடத்தில், கோயிலுக்குப் பூக்கட்டும் சங்கிலியாரைப் பார்க்கிறார். கல்யாணம் செய்துவைக்கச் சொல்லிச் சிவனிடமே கேட்கிறார். சங்கிலியார் ஒரு நிபந்தனை போடுகிறார்: என்னைப் பிரியமாட்டேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டும். இவர் என்ன செய்தார்? நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீங்கள் சன்னிதியை விட்டு மகிழமரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடம் ஏற்பாடு பேசிக்கொண்டார். சாமி இல்லாத சன்னிதியில் செய்த சத்தியம் கட்டுப்படுத்தாது என்று கணக்கு. சிவனும் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழமரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் இவர் வந்தால் சங்கிலியாரின் தோழிகள் மகிழமரத்தைக் காட்டுகிறார்கள். தப்ப வழியில்லை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று நீங்கள் வருடாவருடம் கும்பிடுவது இந்த மாட்டிக்கொண்ட காட்சியைத்தான்.

கொஞ்ச காலம் போனது. திருவாரூர் நினைவு வந்தது. சத்தியத்தை மீறிக் கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விட்டன.

இனிமேல்தான் உங்களுக்கான பகுதி. கண் போன மனிதர் முதலில் செய்தது என்ன தெரியுமா? தன்னைச் சுத்தம் செய்துகொண்டு வந்து பாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அழுக்கான இந்த உடம்போடுதான் உன் காலடிக்கு வந்தேன், நான் தப்பு செய்கிறவன்தான், ஆனாலும் வழுக்கி விழும்போது கூட உன் பெயரைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது என்று அங்கேயே பாடினார். ஒற்றியூர்த் தேவாரத்தில் அது இருக்கிறது, உங்கள் கோயில் ஓதுவாரைக் கேட்டால் பாடிக் காட்டுவார். அங்கிருந்து தட்டுத் தடுமாறித் திருமுல்லைவாயில். அப்புறம் திருவெண்பாக்கம். இந்தத் திருவெண்பாக்கம் கோயில் இருந்த இடம் பின்னால் பூண்டி ஏரிக்குள் போய்விட்டது, கோயிலைப் பூண்டியில் இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். நாம் குடிக்கிற தண்ணீருக்கு அடியில் இந்தக் கதையின் ஒரு துண்டு கிடக்கிறது என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

அந்தத் திருவெண்பாக்கத்தில் அவர் பாடியதில் ஒரு ஒப்புதல் வருகிறது. தப்பு செய்தால் பொறுத்துக்கொள்வீர் என்ற தைரியத்தில்தான் தப்பு செய்தேன் என்கிறார். இவ்வளவு நேர்மையான வாக்குமூலத்தை என் அறையில் நான் அதிகம் கேட்டதில்லை. சிவன் அதற்குக் கண்ணைக் கொடுத்தாரா? இல்லை. ஒரு ஊன்றுகோலைக் கொடுத்தார். கோயிலுக்குள் இருக்கிறீரா என்று இவர் கேட்டதற்கு, "உளோம் போகீர்" என்று பதில் வந்தது. இருக்கிறோம், நீர் போய்க்கொண்டிரும். அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் இடது கண் வந்தது. வலது கண் திருவாரூர் போன பிறகுதான். அங்கேயும் பரவையார் கதவைத் திறக்கவில்லை, கோபம். சிவன் ஒரே ராத்திரியில் இரண்டு தடவை தூது நடக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதையில் சிவன் சுந்தரரை ஒரு நாளும் கைவிடவில்லை. கண்ணைப் பறித்தபோதும் தோழர்தான், கோலைக் கொடுத்தபோதும் தோழர்தான். ஆனால் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நண்பனுக்காகச் சன்னிதியை விட்டு எழுந்து போகச் சம்மதித்தவர், அந்தப் பெண்ணுக்காக மரத்தடியில் போய்ச் சாட்சியாக உட்கார்ந்தார். கருணை இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. (கண் திரும்பி வந்த கதையை விரிவாகச் சொல்கிறவர்கள், ஒற்றியூரில் தனியாக நின்ற சங்கிலியார் அந்த நாட்களை எப்படிக் கழித்தார் என்பதை அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு.)

உங்கள் கதையில் சங்கிலியாரின் இடத்தில் நிற்பவன் அந்தப் பையன். வெள்ளிக்கிழமை நீங்கள் தலைகுனிந்து நிற்கும் அதே அம்மன் அவன் பக்கமும் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாததற்கு அவள் கோபம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்தால் அவன் ஞாபகம் வருகிறது.

நீங்கள் சீட்டு நடத்துகிறவர், அதனால் இது உங்களுக்குச் சட்டென்று புரியும். ஒருத்தி கட்ட வேண்டிய தவணையை இன்னொருத்தி பெயரில் வரவு வைத்தால் நோட்டு எப்படி நேராகும்? ஏழு வருடமாக நீங்கள் செய்துவருவது அதுதான். பையனுக்குக் கொடுக்க வேண்டியதை அம்மனிடம் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். விளக்கு, சுற்று, விரதம், மண்சோறு. அம்மனிடம் உங்களுக்குப் பாக்கி எதுவும் நிற்பதாக நான் நினைக்கவில்லை. அந்தப் பையன் பக்கத்தில் ஒரு ரூபாய் கூட வரவு இல்லை. மூன்றாம் நாள் தூக்கம் போவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

இது உங்கள் கோயில் மட்டும் சொல்கிற விஷயமும் இல்லை. ராயபுரத்தில் படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் கோயிலில் போய்க் கேளுங்கள். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன் மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானம் ஆகிவிட்டு வா என்று இயேசு சொன்னதாக மத்தேயு எழுதியதை வாசித்துக் காட்டுவார்கள். மண்ணடிப் பள்ளிவாசலில் கேட்டால், அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவன் மன்னிப்பான், மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதரிடமே போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லுவார். சாமிகள் விஷயத்தில் நம் வடசென்னையில் ஆயிரம் பேதம் இருக்கும், இந்த ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே கட்சி.

இதைப் படித்ததும், "அப்படியானால் அவனிடம் சொல்லி முடித்தால்தான் அம்மன் என்னை ஏற்றுக்கொள்வாள்" என்று நீங்கள் முடிவு கட்டக் கூடும். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். வரிசை அது இல்லை. ஊன்றுகோல் கண் வருவதற்கு முன்னால் கிடைத்தது, எதுவும் சரியாகாத நேரத்தில் கிடைத்தது. உங்களுக்கான ஆறுதலும் இன்றைக்கே இருக்கிறது, இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிற, எதையும் இன்னும் சரிசெய்யாத உங்களுக்கு. அவள் உங்களை விட்டுவிடவில்லை என்று தெரிந்தால்தான் எர்ணாவூர் வரைக்கும் போகக் கால் வரும். அந்தத் தைரியம் இல்லாமல் போனால், பழியைத் தாங்க முடியாமல் பாதியில் மறுபடி ஒரு பொய் சொல்லிவிட்டுத் திரும்புவீர்கள். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். தன்னைக் கேவலமான பிறவி என்று நம்புகிறவர்களால் தப்பை ஒப்புக்கொள்ள முடிவதில்லை. "நான் செய்தது அநியாயம்" என்று சொல்ல முடிகிறவருக்கு அதைச் சரிசெய்யவும் வழி தெரியும். "நானே அநியாயம்" என்று நினைக்கிறவர் ஒளிந்துகொள்ளத்தான் இடம் தேடுவார். நீங்கள் ஏழு வருடமாக ஒளிந்திருப்பது கோயிலுக்குள்ளே.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரு வரி இருக்கிறது. "நான் அவன் பெயரைச் சொல்லவில்லை." உண்மைதான், பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பையன் மட்டும்தான் வந்தான் என்றீர்கள், தெரு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. சாமியை மரத்தடிக்குப் போகச் சொன்ன அதே புத்தி இது. அவனிடம் பேசப் போகும்போது இந்த வரி உங்கள் வாயில் வரக் கூடாது. மகன் ஃபீஸ், ஒரு மாதத்தில் வைத்துவிட நினைத்தது, இதெல்லாம் கூட அன்றைக்கு வேண்டாம்.

அப்புறம் அந்த டெஸ்டர். அதை நீங்கள் தூக்கிப் போடவில்லை என்பதைத்தான் உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொண்டேன். ஒரு டெஸ்டர் என்ன விலை இருக்கும்? வீட்டில் கிடக்கும் பழைய சாமானோடு காயலான் கடைக்குப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? துணியில் சுற்றி, பணம் காணாமல் போனதாகச் சொன்ன அதே பீரோவில் வைத்திருக்கிறீர்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்று உங்களுக்குள்ளே யாரோ கணக்கு வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதனால் அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். மகனிடமும் சொல்ல வேண்டும், அவன் ஃபீஸ் சம்பந்தப்பட்ட விஷயம், அவனுக்கு இப்போது விவரம் தெரிந்த வயசு. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட உங்களுக்கு ஆசையாக இருக்கும். கல்யாணம் முடிந்தால் வளைகாப்பு வரும், அது முடிந்தால் பேரனுக்கு மொட்டை. பெண் வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை மகன் முடிவு செய்யட்டும், அது அவன் வாழ்க்கை.

அடுத்து, பையனைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பாருங்கள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில் வெறுமனே விசாரித்து அனுப்பினார்களா, எஃப்ஐஆர் போட்டார்களா என்பது உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம். போட்டிருந்தால், பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போதெல்லாம் அவனுக்கு அது முட்டுக்கட்டை. அப்படியானால் வாயால் மன்னிப்புக் கேட்பது பத்தாது, எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். அதில் உங்களுக்குச் சட்டச் சிக்கல் என்ன வரும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது. வக்கீலிடம் நம்பிச் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பணம் ஒரு தடை இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். போகிற இடத்தில் உங்கள் சீட்டைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்யாமல் ஏலச்சீட்டு நடத்துவது 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி குற்றம். ஓடுகிற சீட்டை யாருக்கும் பாக்கி இல்லாமல் முடித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்காமல் இருப்பதுதான் உங்களுக்கு இப்போது நல்லது. கையில் அடுத்தவர் பணம் தங்குகிற வேலை உங்களுக்கு வேண்டாம்.

பையனிடம் எப்படிச் சொல்வது? திடீரென்று அவன் வீட்டு வாசலில் போய் நின்று காலில் விழாதீர்கள். அவன் அம்மா இருப்பார், பெண்டாட்டி பிள்ளை கூட இருக்கலாம். ஏழு வருடம் கழித்து அந்த நாளை மறுபடி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டினால் உங்கள் பாரம் குறையும், அவர்களுக்கு ஏறும். அவனுக்கும் உங்களுக்கும் தெரிந்த ஒருவர் மூலமாக, அன்றைக்கு நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும், உனக்குச் சம்மதம் என்றால் நீ சொல்கிற இடத்தில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அப்போதும் அவன் மேல் விழுந்த பழியை நீக்கும் வேலை நிற்காது, அதைக் கீழே சொல்கிறேன்.

அவன் வந்தால், சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பணத்தை எடுத்தது நான். உனக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தெரிந்தே உன் மேல் விழ விட்டேன். இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல், செய்கிறேன். இவ்வளவு போதும். "என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லுப்பா" என்று கேட்காதீர்கள். அது அவனிடமிருந்து இன்னொன்றைப் பிடுங்குவது. அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அவன் உங்களைத் தேற்ற வேண்டிய நிலைமைக்கு அவனைக் கொண்டுவராதீர்கள். முதல் நாளே கவரில் பணம் வைத்து நீட்டவும் வேண்டாம். வேலை போனதற்கு நஷ்டஈடு கொடுப்பது நியாயம்தான், அதை அவன் பேச்சை எடுத்த பிறகோ இரண்டாம் தடவையோ பேசலாம். டெஸ்டரைக் கொடுத்துவிடுங்கள்.

அவன் கத்தலாம். கெட்ட வார்த்தை வரலாம். ஒன்றும் பேசாமல் எழுந்து போகலாம். தேரடியில் கிட்டே வந்து நலம் விசாரித்தானே, அதை வைத்து அவன் மறந்துவிட்டான் என்று நினைத்துவிட வேண்டாம். அவனைப் பொறுத்தவரை நீங்களும் பணத்தைப் பறிகொடுத்தவர். உங்கள் மேல் அவனுக்கு இரக்கம் கூட இருந்திருக்கலாம். உண்மை தெரிந்த பிறகு அந்த இரக்கம் இருக்காது, அதற்கு நீங்கள் தயாராகப் போக வேண்டும். அவன் மன்னிக்காமலே போனாலும் அம்மன் உங்களோடு இருப்பதில் எந்த மாற்றமும் இல்லை. மன்னிக்க வேண்டும் என்று அவனை அம்மனும் கட்டாயப்படுத்தமாட்டாள், நாமும் கூடாது.

பழி எங்கெல்லாம் விழுந்ததோ அங்கெல்லாம் போய் அதைத் துடைக்க வேண்டும். அவனிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அது ரகசியச் சமாதானம். வேலையை விட்டு நிறுத்திய மேஸ்திரிக்குத் தெரிய வேண்டும். அவன் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அடித்தவர்களில் இன்னும் தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இதை எப்போது, எப்படி என்பதை அவனைக் கேட்டுச் செய்யுங்கள். அவன் பெயரை மறுபடி தெருவில் இழுப்பதில் அவனுக்கு விருப்பமில்லாமல் இருக்கலாம். அப்படியானால் மேஸ்திரிக்கும் அக்காவுக்குமாவது சொல்லியே ஆக வேண்டும்.

அக்காவிடம் சொல்வதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன், பையனை விடவும். அவர் உங்களை ஊர் முழுக்கப் புகழ்ந்திருக்கிறார். அந்தப் புகழ்ச்சியை விட்டுக்கொடுப்பது பணத்தைக் கொடுப்பதை விடக் கடினம். தெருவில் உங்கள் மரியாதை குறையும், இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. சீட்டுக்காரம்மா என்று வாசலில் உட்கார்ந்து பேசியவர்கள் சிலர் பேச்சை நிறுத்துவார்கள். பல மாதம் அப்படித்தான் போகும். அக்கா இட்லி வைப்பாரா மாட்டாரா என்பது அவர் பாடு.

இன்னொரு விஷயம், இது என் தொழிலைச் சேர்ந்தது. சுற்றும்போது எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து சுற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதாவது என்றால் சரி. அது வாராவாரம் நடந்தால், எண்ணி முடிக்காவிட்டால் மகனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற மாதிரி பயம் வந்தால், வீட்டிலும் இப்படித் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் பரவியிருந்தால், அது பக்தியோ பாவமோ இல்லை, ஓசிடி என்று நாங்கள் சொல்லும் தொந்தரவாக இருக்க வாய்ப்பு உண்டு. மருந்தும் பயிற்சியும் இருக்கிறது, நன்றாகவே கேட்கும். தூக்கம் இல்லாமல் பல மாதமாகிறது, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தது என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டரைப் பாருங்கள். உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

கோயிலுக்குப் போவதை நிறுத்த வேண்டாம். சுற்றை மட்டும் மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள், தப்பினால் தப்பட்டும், திரும்ப எண்ணாதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சன்னிதியில் நின்று வேண்டுவதற்கு ஒன்று சொல்லித் தருகிறேன்: என்னை மன்னித்துவிடு என்று கேட்காமல், அந்தப் பையன் நன்றாக இருக்க வேண்டும் என்று அவன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் கடிதம் இவ்வளவு நீளத்தில் அவன் பெயர் ஒரு இடத்தில் கூட இல்லை. எனக்கு எழுத வேண்டாம், அங்கே சொன்னால் போதும். முகத்தைப் பார்க்க முடிகிறதா என்று அப்புறம் பார்க்கலாம்.

வக்கீலைப் பார்த்த பிறகு, மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது என்பதில் குழப்பம் இருந்தால் மறுபடி எழுதுங்கள். ஜோசியருக்கு இன்றைக்கே போன் செய்து பரிகாரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் கேட்டுப் பாருங்கள், தருவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை.